வாபஸ் சாரும் சபாஷ் பெட்டியும்

டெலிவரி மேனேஜரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். தெரியாமல் சொன்ன பொய் இல்லை. ஒரு மனிதர் உங்கள் மேஜைக்கு முன்னால் நின்று, உங்கள் மானிட்டர் மேலேயே டிபன் பாக்ஸ் மூடியை வைத்து, இது பொய் என்று காட்டிய பிறகு சொன்ன பொய். அந்தப் பொய்யால் ஜீவனஹள்ளியில் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. சிரிக்க வைக்க வேண்டிய பக்கத்தில் இப்படி ஆரம்பிக்கிறேனே என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சிரிப்பும் வரும். மூடி வைத்த மனிதர் அப்படிப்பட்டவர்.

அவரை ஆபீசில் எல்லோரும் வாபஸ் சார் என்போம். பெங்களூரில் கம்ப்யூட்டரை வைத்துச் சோறு தின்கிற அத்தனை பேரிலும், கம்ப்யூட்டர் சொல்வதை ஒரு வார்த்தைகூட நம்பாத ஒரே மனிதர் அவர்தான். கம்ப்யூட்டரை மட்டும் என்று நினைக்காதீர்கள். மனிதர்களையும் நம்ப மாட்டார். யாரிடம் எதைச் சொன்னாலும் உடனே கையை நீட்டி, "இப்ப வாபஸ் சொல்லுங்க, நான் இன்னா சொன்னேன்?" என்பார். சொன்னது சொன்னபடி திரும்பி வந்தால்தான் அடுத்த பேச்சு. அதில்தான் அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் இருந்திருக்கும்.

எங்கள் ஆபீஸ் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருந்தது. கோடவுன்களுக்கும் கொரியர்களுக்கும் மருந்து ஸ்டோர்களுக்கும் மென்பொருள் எழுதுகிற சின்னக் கம்பெனி. அதை மாட்டிக் கொடுக்கிற வேலை எனக்கு. இந்தக் காலத்திலும் அந்த மாதிரி இடங்களில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துதான். மௌஸ் கிடையாது, படம் கிடையாது. சி என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ப்ரோக்ராம். அடித்தால் அந்த நொடியே நகரும். பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கும். ஆனால் நாள் முழுக்கப் பெட்டி பெட்டியாகப் பதிவு செய்கிறவர்களுக்கு அழகு எதற்கு?

அந்தத் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் விண்டோ என்று பெயர். வாபஸ் சாரின் வாழ்க்கைப் பிரச்சனை இந்த விண்டோதான். திரையில் எழுத யாருக்கும் தெரியும். எழுதியதைத் திரையிலிருந்து திருப்பிப் படிக்க யாருக்குத் தெரியும்? இதை அவர் கேட்காத ஆள் இல்லை. வேலைக்கு வருகிற பையன்களிடம் இன்டர்வியூவில் கேட்கிற ஒரே கேள்வியும் இதுதான்.

"ஸ்கிரீன்ல வணக்கம்னு எழுதுப்பா."

எழுதுவான்.

"இப்ப அதத் திருப்பிப் படி."

ஒருவன் உடனே, "பிரிண்ட்எஃப்ல எழுதினோம் சார், ஸ்கேன்எஃப்ல படிச்சிடலாம்," என்றான்.

"அது கீபோர்டப் படிக்கும். நான் கேட்டது ஸ்கிரீன் கண்ணாடி. கீபோர்ட்லயா வணக்கம் தெரியுது?"

இன்னொருவன் கேமரா வைக்கலாம் என்றான். மற்றொருவன் செயற்கை நுண்ணறிவு என்று ஆரம்பித்தான். அவனை மாடிப்படி வரைக்கும் மரியாதையாகக் கொண்டுபோய் விட்டார். கடைசியாக ஒரு பெண் வந்தாள். கேள்வியைக் காதில் வாங்கினாள். மானிட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். "வணக்கம்," என்று வாய்விட்டுப் படித்தாள். வாபஸ் சார் எழுந்து நின்று கைகொடுத்து அன்றைக்கே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார். ப்ரோக்ராமை வாடிக்கையாளருக்கு முடித்துக் கொடுக்கிற பொறுப்பில் இருந்த எங்கள் டெலிவரி மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

வெளியில் அவரோடு போவது அதைவிடப் பெரிய தண்டனை. ஒரு நாள் மல்லேஸ்வரத்தில் அவர் வீட்டுப் பக்கம் தர்ஷினி என்கிற நின்று சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் காபி குடிக்க நின்றோம். நான்கு தலைமுறையாக அந்தப் பக்கத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம் அவருடையது. கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. கேஷியரிடம் சர்க்கரை கம்மியாக ஒரு காபி கேட்டார். சில்லறை வாங்கிக்கொண்டு நகர வேண்டியதுதானே. நகரவில்லை.

"நானு ஏனு கேளிதே, ஹேளி," என்றார். நான் என்ன கேட்டேன், சொல்லுங்கள் என்று.

பின்னால் வரிசை கதவு வரைக்கும் நின்றது. கேஷியர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒந்து காபி, சக்கரே கம்மி," என்றார்.

வாபஸ் சார் திருப்தியோடு வந்தார். காபியை ஒரு வாய் குடித்தார். பாயசம் மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டம்ளரை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

"பாத்தியாப்பா? அவன் திருப்பிச் சொன்னது கரெக்ட். டம்ளர்ல வேற. ஏன் தெரியுமா? அவன் டம்ளரப் பாத்துச் சொல்லல. அவன் தலைக்குள்ள இருக்கறதப் பாத்துச் சொன்னான்."

"சார், காபி ஆறுது."

"ஆறட்டும். இது பெரிய விஷயம்."

காபியைப் பெரிய விஷயமாக்குகிற மனிதரை யார் பொறுப்பார்கள்? ஆட்டோக்காரர்கள் பொறுக்கவில்லை. ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போக ஒரு நாள் ஆட்டோ பிடித்தார். வழி சொன்னார். வாபஸ் சொல்லச் சொன்னார். டிரைவர் நம் தமிழர்தான். வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"இன்னா சார், நான் இன்னா இஸ்கூல் பையனா? பாடம் ஒப்பிக்கணுமா?"

"ஒரு தடவ சொல்லிடுங்க. அப்புறம் நான் பேசவே மாட்டேன்."

"நீங்க எறங்கிடுங்க சார். அப்புறம் நானும் பேச மாட்டேன்."

அன்றைக்கு அவர் நடந்தே போனார். வழியை மட்டும் மறக்கவில்லை, ஏனென்றால் அதைத் தனக்குத்தானே திருப்பிச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

இவரை மடக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. நான் ஒரு மானிட்டரைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனபோது நேரில் பார்த்தேன். இவர் சோபாவில் உட்கார்ந்து ஒரு ப்ரோக்ராமை வெறித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் சமையலறையிலிருந்து நீளமாக என்னமோ சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றார்.

"இப்ப நான் என்ன சொன்னேன்? வாபஸ் சொல்லுங்க பாப்போம்."

வாபஸ் சார் என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன்.

"ஊரையெல்லாம் ஒப்பிக்க வைக்கிறார். கட்டினவ சொன்னது ஒண்ணும் ஏறல," என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். "நீங்க சாப்பிட்டுப் போங்க. அதத்தான் சொன்னேன்."

இது வரைக்கும் தமாஷ். இனிமேல் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

ஊருக்கு வெளியே ஒரு மருந்து கோடவுன் எங்கள் வாடிக்கையாளர். அங்கே வரும் பெட்டிகளை எந்த அறையில் வைப்பது என்று திரை சொல்லும். சிலதை உறையவைக்க வேண்டும், அவற்றுக்கு ஃப்ரீஸ் என்று ஒரு சொல் வரும். சிலதை உறையவைத்தால் மருந்து செத்துவிடும், இன்சுலின் மாதிரி. அந்தப் பெட்டிகள் வந்தால் திரையின் அடியில், இடது மூலையிலிருந்து, ஆங்கிலத்தில் மூன்று சொல் வரும். டு நாட் ஃப்ரீஸ். உறையவைக்காதே.

கோடவுன் முதலாளிகளுக்கு ஒரு பயம். நாளைக்கு ஏதாவது கெட்டுப்போனால், எச்சரிக்கை வரவே இல்லை என்று வேலை செய்கிறவர்கள் சொல்லிவிட்டால்? அதனால் எங்கள் மேனேஜர் ஒரு புது வசதியை விற்றார். எச்சரிக்கை திரையில் போன உடனே, எங்கள் ப்ரோக்ராம் அதைத் திரையிலிருந்து திருப்பிப் படித்து, ஆளுக்குக் காட்டியாயிற்று என்று பதிவு செய்யும். இந்த வேலை யாருக்கு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. வாபஸ் சார் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பிறகு ஒரு நாள் மேனேஜர் அறைக்குப் போய், இதை இப்படிச் செய்யக் கூடாது என்றார்.

விஷயம் இதுதான். சி மொழியில் விண்டோவில் எழுதினால், அந்த விண்டோ தன் எழுத்துக்கு ஒரு நகலை மெமரியில் வைத்துக்கொள்ளும். திருப்பிப் படி என்று கட்டளை கொடுத்தால் அந்த நகலைத்தான் படிக்கும். கண்ணாடியை எட்டிப் பார்க்காது. கண்ணாடியில் அதற்கு மேல் வேறு விண்டோ விழுந்து மறைத்திருந்தாலும் அதற்குத் தெரியாது. எல்லாம் சரி என்று சொல்லும்.

மேனேஜருக்கு இது புரியவில்லை. புரியாதது மாதிரி இருந்தார் என்றும் சொல்லலாம்.

"ஸ்கிரீன்ல எழுதினா ஸ்கிரீன்ல இருக்கும் சார். வேற எங்க போகும்?"

வாபஸ் சார் வெளியே வந்தார். தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். அன்றைக்குத் தயிர் சாதம். மூடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மேனேஜரின் மானிட்டரில் எச்சரிக்கை வருகிற இடத்தில் அழுத்திப் பிடித்தார்.

"இப்ப ஓட்டுங்க."

ஓட்டினார். எச்சரிக்கை காட்டியாயிற்று என்று பதிவு விழுந்தது.

"எங்க காட்டிச்சு? நீங்க படிச்சீங்களா? வாபஸ் சொல்லுங்க, இன்னா எழுதியிருக்கு?"

"மூடிய எடுங்க சார். தயிர் ஒழுகுது."

"தயிர் தெரியுது. எழுத்து தெரியுதா?"

எல்லா விண்டோவும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த பிறகு, கண்ணாடிக்குக் கடைசியில் போனது என்ன என்பதற்கு இன்னொரு நகல் இருக்கிறது, அதைப் படிப்போம், மூடி மாதிரி வெளியிலிருந்து வருவதைப் பிடிக்காவிட்டாலும் நாமே போடுகிற விண்டோக்களையாவது பிடிக்கும், கொஞ்சம் நாள் கொடுங்கள் என்று வாபஸ் சார் கேட்டார். நாள் இல்லை என்றார் மேனேஜர். டெமோ வைத்தாயிற்று. வாடிக்கையாளர் கைதட்டியாயிற்று. அப்படியே போனது. விற்பனைத் தாளில் மட்டும், திரையையே திருப்பிப் படிக்கும் மென்பொருள் என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

கொஞ்ச நாளில் மேனேஜர் ஏதோ ஒரு ஹோட்டலில் நடந்த கூட்டத்துக்குப் போய்விட்டு உற்சாகம் என்கிற வியாதியோடு திரும்பினார். வேலை செய்கிறவர்களை உற்சாகப்படுத்த வேண்டுமாம். சம்பளத்தை ஏற்றலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர் திரையில் ஒரு பெட்டி போடச் சொன்னார். அந்த ஷிஃப்டில் எல்லோரையும் முந்துகிறவருக்கு மட்டும், திரையின் அடியில், இடது மூலையில் பளிச்சென்று ஒரு சின்ன விண்டோ எழும்பி, சபாஷ் என்று சொல்லும். வேறொரு டீம் அதைச் செய்தது. வாபஸ் சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒப்பிக்க வேண்டுமே.

இடது மூலை. எச்சரிக்கை ஆரம்பிக்கிற அதே இடம். சபாஷ் வந்து உட்கார்ந்தால் முதல் இரண்டு சொல் அதற்கு அடியில் போய்விடும். மிச்சம் தெரிவது ஒரு சொல். ஃப்ரீஸ்.

அந்தக் கோடவுனில் எல்லோரையும் முந்துகிறவர் யசோதரா. ஜீவனஹள்ளிப் பெண். கணவர் இல்லை, ஒரு மகள் கல்லூரியில். அந்த வேலையில் அவர் விரல்களைப் பார்க்கவே மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் அவருக்குச் சபாஷ் வந்தது. பக்கத்தில் ஃப்ரீஸ் என்று இருந்தது. அவர் உறையவைக்கிற அறைக்கு அனுப்பினார். இன்சுலின். அத்தனையும் வீண். நல்லவேளையாக வெளியே போவதற்கு முன்பே சோதனையில் பிடித்துவிட்டார்கள். யசோதராவையும் பிடித்து, விசாரணை வரைக்கும் சஸ்பென்ஷன் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். கவனக்குறைவு. எச்சரிக்கை காட்டப்பட்டது, மென்பொருளே திரையைத் திருப்பிப் படித்துச் சாட்சி சொல்லியிருக்கிறது, பிறகு என்ன பேச்சு?

வாபஸ் சார் இதைக் கேட்ட அன்றைக்கே என்னை இழுத்துக்கொண்டு ஜீவனஹள்ளிக்குப் போனார். யசோதரா எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே பேசினார். கம்பெனிக்காரர்கள் என்றதும் கோபம்.

"இன்னா, இன்னும் கையெழுத்து ஏதாவது வேணுமா?"

"இல்லம்மா. அன்னிக்கு ஸ்கிரீன்ல நீங்க இன்னா பாத்தீங்க? அத மட்டும் சொல்லுங்க."

"சபாஷ்னு இருந்துச்சு. பக்கத்துல ஃப்ரீஸ்னு இருந்துச்சு. எத்தினி தடவ சொல்றது? யாரும் நம்பல. கோட்டு போட்டவரு கேக்குறாரு, இன்சுலின ஃப்ரீஸ் பண்ணக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதான்னு. பெட்டி மேல நம்பர் தான் சார் இருக்கு. ஸ்கிரீனப் பாத்து செய்யி, சொந்த புத்திய யூஸ் பண்ணாதேன்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க. பண்ணல. அதுக்குத்தான் இப்ப புத்தி இல்லன்றாங்க."

பிறகு, "மெதுவா அடிச்சிருந்தா வேல இருந்திருக்கும் சார். வேகமா அடிச்சேன். சபாஷ்னு சொல்லி வூட்டுக்கு அனுப்பிட்டாங்க," என்றார்.

வாபஸ் சார் அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. அவரோடு இருந்த அத்தனை காலத்தில் ஒருவர் சொன்னதை முதல் தடவையிலேயே அவர் நம்பி நான் பார்த்தது அப்போதுதான். "சரிம்மா," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மேனேஜரையும் கூட்டிக்கொண்டு கோடவுனுக்குப் போனோம். இங்கேதான் நம் நாட்டு மேலாளர்களின் உண்மையான திறமையைப் பார்த்தேன். மேனேஜர் தானே சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி யசோதராவின் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு விரலால் அடித்தார். ஒவ்வொரு எழுத்தையும் கோழி குப்பை கிளறுகிற மாதிரித் தேடி அடித்தார். எச்சரிக்கை மூன்று சொல்லோடு முழுசாகத் தெரிந்தது. சபாஷ் வரவில்லை.

"எங்க சார் உங்க பெட்டி?"

வாபஸ் சார் உட்கார்ந்தார். அவர் அடித்ததைத் தானே ஒரு தடவை படித்துவிட்டுத்தான் அடுத்ததை அடிப்பார். ஊர்வலம் மாதிரி நகர்ந்தது. சபாஷ் வரவில்லை. நான் உட்கார்ந்தேன். சபாஷ் என் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அங்கே வேலை செய்கிற பெண்களைக் கேட்டோம். யசோதராவுக்கு ஆனதைப் பார்த்த பிறகு அவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே மெதுவாக அடித்துக்கொண்டிருந்தார்கள். முந்திவிடக் கூடாதே என்ற பயத்தில் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தார்கள்.

"வேகமா அடிக்கத் தெரிஞ்சவங்களக் கூப்பிடுங்க," என்றார் வாபஸ் சார். "யசோதராவ ஒரு மணி நேரம் உள்ள விடுங்க. அவங்க அடிக்கட்டும். நீங்க வாய்விட்டுப் படிங்க."

"அவங்க சஸ்பென்ஷன்ல இருக்காங்க. ரூல்படி உள்ள விட முடியாது."

"அவங்க வந்தாத்தான் பெட்டி வரும்."

"பெட்டி வந்தாத்தான் அவங்கள விட முடியும்."

இப்படி ஒரு பதில் சொல்ல எத்தனை வருஷம் படித்திருக்க வேண்டும்?

வாபஸ் சார் ஆபீசுக்கு வந்து, தன் மெஷினில் யார் அடித்தாலும் சபாஷ் வருகிற மாதிரி மாற்றி, இரண்டு சொல் மறைவதை அப்படியே காட்டினார். அது நீங்கள் மாற்றிய ப்ரோக்ராம், அங்கே ஓடியது இல்லை என்றார் மேனேஜர். அந்த வாரமே கோடவுனுக்குப் புது வெர்ஷன் போயிற்று. மாட்டியது நான்தான், அதனால் எனக்குத் தெரியும். அதில் சபாஷ் பெட்டி இல்லை. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, திரையை இன்னும் அழகாக்குகிறோம் என்றார்கள். பச்சை எழுத்துத் திரையை.

பிறகு விசாரணை. கோடவுன் ஆபீசில் நீளமான மேஜை, பிஸ்கட், தண்ணீர் பாட்டில். எச்.ஆர். அம்மாள் ஒருவர் நடுவில். ஒரு பக்கம் மேனேஜர். எதிரே யசோதரா. வாபஸ் சார் மேனேஜருக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் யசோதரா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கள் மென்பொருள் திரையையே படிக்கிறது," என்றார் மேனேஜர். "அது சொல்வதில் தவறு இருக்க முடியாது."

வாபஸ் சார் எச்.ஆர். அம்மாளைப் பார்த்தார். "ஏம்மா, உங்க வீட்டு வாசல்ல கோலம் போடுவீங்களா?"

"அபார்ட்மெண்ட் சார். ஸ்டிக்கர்."

"நல்லது. ஸ்டிக்கர் கோலம். அது மேல கொரியர்காரன் ஒரு பெட்டிய வச்சுட்டுப் போயிட்டான். நீங்க உள்ள உக்காந்துகிட்டு, ஸ்டிக்கர் வந்த கவர் மேல இருக்கற படத்தப் பாத்து, ஆமா, வாசல்ல கோலம் முழுசாத் தெரியுதுன்னு சொல்றீங்க. இவங்க மென்பொருள் அதத்தான் பண்ணுது. கதவத் தொறந்து பாக்கல. வாசல்ல நின்னு பாத்தது இந்த அம்மா ஒருத்தங்கதான். அவங்க சொல்றதக் கேளுங்க."

எச்.ஆர். அம்மாள் சிரித்துவிட்டார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் எழுதிக்கொண்டார். வாபஸ் சார் உடனே, "இன்னா எழுதினீங்க? வாபஸ் படிங்க," என்றார்.

அவர் தயங்கிக்கொண்டே படித்தார். "தொழில்நுட்ப விளக்கம் அளிக்கப்பட்டது."

"இவ்வளவுதானா?"

"சாராம்சம் சார்."

"இதுல கோலமும் இல்ல, பெட்டியும் இல்ல. அந்த அம்மா பேரே இல்ல." கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்துவிட்டார்.

யசோதராவின் வேலை போனது உறுதியாயிற்று. வாபஸ் சாரைக் கூப்பிட்டு, டீமோடு ஒத்துப்போகவில்லை, நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது மரியாதை என்றார்கள். உங்கள் ப்ரோக்ராம் பொய் சொல்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நானும் அதிக நாள் அங்கே இருக்கவில்லை. அது இங்கே முக்கியமில்லை.

இப்போது தொழிலாளர் அலுவலகத்தில் யசோதராவின் வழக்கு நடக்கிறது. அவர் காக்ஸ் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறார். வேகத்தை விடவில்லை. வாய்தா நாட்களில் வாபஸ் சார் மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே இருக்கிற குமாஸ்தாவை அடுத்த தேதியைத் திருப்பிச் சொல்லச் சொல்லி உயிரை வாங்குகிறார். குமாஸ்தா அவரைப் பார்த்தாலே டீ குடிக்கப் போய்விடுகிறார். யசோதரா, "சார், நீங்க வெளிய நில்லுங்க, நான் கேட்டுக்கறேன்," என்கிறார். சரி என்று வெளியே போய், ஜன்னல் வழியாகக் கேட்கிறார்.

எனக்குத் தெரிந்த இன்ஜினியர்களில் இவரைப் போல ஒரு தொல்லையைப் பார்த்ததில்லை. ஆனால் என் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அவளுக்கு வருகிற மருந்து எந்தக் கோடவுனில் கிடந்து வருகிறதோ, அங்கே யார் எழுதிய ப்ரோக்ராம் ஓட வேண்டும் என்று என்னைக் கேட்டால், அந்தத் தொல்லை பிடித்த மனிதர் எழுதியதுதான் என்பேன். வேறு யார் எழுதியதையும் வீட்டுக்குள் விட மாட்டேன்.

ஆகையால், டெலிவரி மேனேஜரே, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அன்றைக்கு ஓடிய அதே ப்ரோக்ராம், சபாஷ் பெட்டியோடு, உங்களிடம் இருக்கிறது. அழித்திருக்க மாட்டீர்கள், நீங்கள் எதையும் அழிக்காதவர் என்று எனக்குத் தெரியும். அதைத் தொழிலாளர் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் ஓட்டுங்கள். யசோதராவை உட்காரவைத்து அடிக்கச் சொல்லுங்கள். அந்த மூன்று சொல்லில் எத்தனை சொல் அவர் கண்ணுக்குத் தெரிந்தது என்று, உங்கள் பெயரைப் போட்டு, இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள்.